நாற்பத்தெட்டு பாட்டரிகள்

எங்கள் படைக்குச் சின்னம் வந்து சேரவில்லை.
வரையத் தொடங்கியவர்
ஆந்தையின் ஒரு கண்ணை முடித்திருந்தார்,
அதற்குள் படையைக் கலைத்துவிட்டார்கள்.

செப்டம்பரில் பிறந்தது, ஜனவரியில் முடிந்தது.
லிங்கன்ஷயரில், ஈரமான பீட்ரூட் வயல்களுக்கு நடுவே
ஒரு ஓடுபாதை, ஏழு தகரக் கொட்டகை,
கன்னங்கரேலென்று சாயம் பூசிய விமானங்கள்.
துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு
மூக்கில் விளக்கைப் பொருத்தியிருந்தார்கள்.

சொன்னால் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.
இருட்டில் எதிரியைத் தேடிப் போக வேண்டும்,
முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நெருங்கி
பகலை அவன்மேல் கொட்ட வேண்டும்.
ஒட்டிக்கொண்டே வரும் சின்ன விமானம்
அந்த வெளிச்சத்தில் புகுந்து சுட வேண்டும்.
காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.
காகிதத்தில் மேகம் இல்லை.

விளக்கின் வயிறு என் பொறுப்பு.
நாற்பத்தெட்டு பாட்டரி, ஏறத்தாழ ஒரு டன்.
நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்தக் குளிரில்
ஒவ்வொன்றாகத் திறந்து, அமிலம் அளந்து,
மின்சாரம் ஊட்டி, மூடி வைப்பேன்.
என் கால்சட்டையில் அமிலம் தின்ற ஓட்டைகளை
ஐரிஸ் டௌஸ் ஒருநாள் எண்ணினாள்: முப்பத்தொன்று.
எல்லாம் இரண்டு நிமிட வெளிச்சத்துக்கு.

ஆட்லிங் போருக்கு முன் ஹல் நகரில்
பியானோக்களுக்குச் சுருதி கூட்டியவன்.
பின்னிருக்கையில் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு
ரேடார் குழாயின் பச்சைப் புழுவைப் பார்ப்பது அவன் வேலை.
"இடது எஞ்சின் கொஞ்சம் இறங்கியிருக்கிறது"
என்பான், இறங்கி வந்ததும்.
மெக்கானிக் முறைப்பார். ஆனால் இறங்கித்தான் இருக்கும்.

இருபத்துமூன்று இரவு பறந்தார்கள்.
இருபத்துமூன்று விடியலிலும் பாட்டரிகள்
கை வைக்காத சாப்பாட்டுத் தட்டுகளாய்த்
திரும்பி வந்தன.

பிறகு அந்த டிசம்பர் இரவு.
துணை விமானத்தில் போன ட்ரெகியர், நியூசிலாந்துக்காரன்,
ஒரே ஒரு முறைதான் அதைச் சொன்னான்,
கையிலிருந்த தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை.

விளக்கு எரிந்தது.
வெளிச்சத்தில் இருந்தது எங்கள் குண்டுவீச்சு விமானம்.
மூன்று எஞ்சினோடு, வானொலி செத்து,
வழி தவறி, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.
வால் கண்ணாடிக்குள் ஒரு பையன்
முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்கினான்,
தூங்கும்போது யாரோ விளக்கைப் போட்டால்
நாம் எல்லோரும் செய்வது போல.

ட்ரெகியர் விரலை எடுத்துவிட்டான்.
பையனுக்கு என்ன தெரியும்?
கூசும் கண்ணுக்கு வெளிச்சம்தான் எதிரி.
அவன் வெளிச்சத்தைச் சுட்டான்.

நாற்பது விநாடி.

விமானம் தரையிறங்கியது, மூக்கெல்லாம் உடைந்த கண்ணாடி.
ஆட்லிங் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே இருந்தான்,
தான் கண்டுபிடித்ததைக்
கடைசிவரை காணாமல்.

அந்த விடியலில்தான் முதன்முறையாகப்
பாட்டரிகள் குறைந்து வந்தன.
மானியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தேன்.
நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன்.
பதிவேட்டில் எழுத்தர் எழுதினார்:
வானிலை, தெளிவு. எதிரி விமானம், இல்லை.

ஆனால் எங்கோ பக்கத்து மாவட்டத்தில்
அந்தப் பையன் பேரில் ஒன்று ஏறியிருக்கும்:
விளக்கு வைத்த ஜெர்மன் விமானம், ஒன்று, வீழ்த்தப்பட்டது.
நண்பர்கள் அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.
யாரும் போய் அதைத் திருத்தவில்லை
என்றே நம்ப விரும்புகிறேன்.

ஜனவரியில் லாரி வந்தது.
நாற்பத்தெட்டுக்கும் தனித்தனி ரசீது.
ஐரிஸ் மிட்லண்ட்ஸுக்கு, நான் ஸ்காட்லாந்துக்கு.
விளக்கில்லாமலே இருட்டில் குறிவைக்கும் விமானங்கள்
அதற்குள் வந்துவிட்டிருந்தன.

இப்போதும் நள்ளிரவில் எழுந்தால்
கணவர் தூங்கும் அறையில் விளக்கைப் போடுவதில்லை.
காலால் துழாவிச் செருப்பைத் தேடுகிறேன்.
அலமாரி மூலையில் முழங்காலை இடித்துக்கொள்கிறேன்.
"சுவிட்ச் எதற்கு இருக்கிறது, ஹெஸ்டர்?"
என்று முனகுவார்,
கண்ணைத் திறக்காமல்.